வானேறும் மரம்

நுழையும்முன்

ஏவூர்தி என்றவுடன் உலோக உடலும் தீப்பிழம்பும் நம் மனக்கண்ணில் தோன்றும். வீட்டின் ஒரு மூலையில், சிறு கத்தியும் உப்புத்தாளும் கொண்டு மரத்தில் உறுப்புகள் செய்து ஏவப்படும் மாதிரி ஏவூர்திகளும் உண்டு. உறுதியான உலோகத்தை விடுத்து, நகம் பட்டாலே பள்ளம் விழும் மென்மரத்தை ஏன் தேர்ந்தனர்? அவ்வினாவுக்கான விடையைக் கூறுகிறது இக்கட்டுரை.

காலணிக் கடைக்காரரின் கண்டுபிடிப்பு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்னும் ஊரில் காலணிக் கடை நடத்தியவர் ஆர்வில் கார்லைல். வாணவேடிக்கைக் கலையில் ஈடுபாடு மிக்கவர். அவருடைய உடன்பிறந்தாரான இராபர்ட், மாதிரி வானூர்திகள் செய்வதில் தேர்ந்தவர். ஏவூர்தி இயங்கும் முறையை மக்களுக்கு விளக்கும் உரைகளில் இயக்கிக் காட்டுவதற்கென, இருவரும் இணைந்து 1954ஆம் ஆண்டு சிறு ஏவூர்தி ஒன்றை உருவாக்கினர். காகிதக் குழலும் பால்சா மரமும் கொண்டு அமைந்த அது, உயரே சென்றபின் வான்குடை விரித்து மெல்ல இறங்கியது. எனவே, அதனை மீண்டும் மீண்டும் ஏவ முடிந்தது.

அக்காலத்தில் இளைஞர் சிலர் உலோகக் குழாய்களில் தாமே வேதிப்பொருள்களை அடைத்து ஏவ முயன்று, படுகாயமுற்றனர், உயிரிழந்தோரும் உண்டு. இவ்விடர் குறித்து, ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் பணியாற்றிய ஹாரி ஸ்டைன் 1957ஆம் ஆண்டில் இதழொன்றில் எழுதினார். அதனைப் படித்த கார்லைல், தம் ஏவூர்தியின் மாதிரிகளை அவருக்கு அனுப்பினார். இளைஞர்களின் ஆர்வத்தை அணைக்காமல் பாதுகாப்பான வழியில் திருப்ப இயலும் என்பதை ஸ்டைன் உணர்ந்தார். அவ்வாண்டு அக்டோபரில் ஸ்புட்னிக் விண்ணேறியதும் அவ்வார்வம் பன்மடங்கு பெருகியது.

அன்று வகுக்கப்பட்ட நெறிகள் இரண்டு இன்றும் மாறவில்லை. ஒன்று, உந்துபொறியை வீட்டில் செய்தலோ திருத்துதலோ கூடாது. தொழிற்சாலையில் செய்து சோதிக்கப்பட்டதையே பயன்படுத்த வேண்டும். மற்றொன்று, முனை, உடல், சிறகு ஆகியவை உலோகமல்லாத இலேசான பொருள்களால் அமைய வேண்டும். உலோகக் குழாய் வெடித்தால் அதன் துண்டுகள் குண்டுச் சிதறல்களாகப் பாயும். மரமும் காகிதமுமோ தாமே நசுங்கி உடைந்து, தாக்கத்தின் வேகத்தைப் பெரிதும் தணிக்கும். எளிதில் உடைவது குறையன்று. அதுவே இங்குப் பாதுகாப்பு.

பால்சாவின் இயல்பு

பால்சா, அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமண்டலக் காடுகளில் வளரும் மரம். ஈக்வடார் நாடு இதனைப் பெருமளவில் விளைவிக்கிறது. ஸ்பானிய மொழியில் 'பால்சா' என்பதற்குத் தெப்பம் என்பது பொருள். ஒரு கன மீட்டர் தேக்கு ஏறத்தாழ 650 கிலோகிராம் எடையுள்ளது. அதே அளவு பால்சாவோ ஏறத்தாழ 160 கிலோகிராமே. விரைந்து வளரும் இம்மரத்தின் உயிரணுக்கள் பெரியவை. அவற்றின் சுவர்கள் மெல்லியவை. உலர்ந்தபின் அவ்வறைகளில் காற்றே நிறைந்திருப்பதால் மரம் இலேசாகிறது. எனினும், நார்கள் செல்லும் திசையில் அது தன் எடைக்கு மிஞ்சிய வலிமை உடையது. அத்திசையை அறிந்து வெட்டுவதே இக்கைவினையின் முதற்பாடம்.

முனைக்கூம்பு கடைதல்

வீட்டுப் பட்டறையில் கடைசல் பொறி இல்லாதவர்கள், மின்துளைக் கருவியையே கடைசல் பொறியாக்கிக் கொள்வர். பால்சாக் கட்டையின் அடிப்பகுதி நடுவில் துளையிட்டு, மரமுளை ஒன்றைப் பசையிட்டுச் செருகுவர். பசை நன்கு காய்ந்தபின், முளையைக் கருவியின் வாயில் பொருத்தி, கருவியை மேசையோடு அசையாமல் பிணைப்பர். கட்டை மெல்லச் சுழலும்போது, முதலில் சொரசொரப்பான உப்புத்தாளும் பின்னர் நயமான உப்புத்தாளும் கொண்டு உருவம் கொணர்வர். அட்டையில் வெட்டிய அச்சுவடிவை அவ்வப்போது வைத்துப் பார்த்தால் வளைவு பிழையாது. கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்தே இப்பணியைச் செய்தல் வேண்டும். பால்சாத் தூள் மிக நுண்ணியது.

கூம்பு ஊசிபோல் கூராக இருந்தால்தான் விரைந்து செல்லும் எனப் பலர் எண்ணுவர். ஒலியின் வேகத்தை எட்டாத மாதிரி ஏவூர்திகளுக்கு, மழுங்கி வளைந்த முனையே போதுமானது. அது எளிதில் முறிவதுமில்லை.

கூம்பின் அடியில் குழலுக்குள் இறங்கி அமரும் பகுதியைத் 'தோள்' என்பர். உந்துபொறி எரிந்து முடிந்து சில நொடிகளுக்குப்பின், அதிலுள்ள சிறு வெளியேற்று மருந்து கூம்பைத் தள்ள, வான்குடை வெளிப்படும். தோள் இறுக்கமாயின் கூம்பு கழலாது. வான்குடை உள்ளேயே சிக்க, ஏவூர்தி அம்பெனத் தரையை நோக்கிப் பாயும். தளர்வாயின் ஏறும்போதே கழன்றுவிடும். ஆகவே, வெர்னியர் அளவியால் அளந்து, சிறிது சிறிதாகத் தேய்க்க வேண்டும். ஏவூர்தியைத் தலைகீழாகப் பிடித்தால் கூம்பு விழலாகாது. விரலால் மெல்ல இழுத்தால் தடையின்றி வர வேண்டும். ஈரக்காற்றில் மரம் உப்பும் என்பதால், இச்சோதனையை ஏவும் நாளன்றும் செய்தல் வேண்டும்.

சிறகுகளும் நாரோட்டமும்

சிறகுகளுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள பலகை ஏற்றது. காற்றை எதிர்கொள்ளும் முன்விளிம்பிற்கு இணையாக நார்கள் செல்லுமாறு வெட்ட வேண்டும். நார்கள் உடற்குழலுக்கு இணையாக ஓடினால், தரையிறங்கும் சிறு அதிர்விலேயே சிறகு அந்நார்வழியே பிளந்துவிடும். வெட்டிய சிறகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பிடித்து ஒருசேரத் தேய்த்தால் அனைத்தும் ஓரளவினவாகும். முன்விளிம்பை உருட்டியும் பின்விளிம்பை மெலித்தும் செதுக்கினால் காற்றுத்தடை குறையும். குழலில் ஒட்டும் விளிம்பை மட்டும் தட்டையாகவே விட வேண்டும். மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சினைப் பூசி, காயவைத்து, தேய்த்து, மீண்டும் பூசினால் மேற்பரப்பு வழவழப்பாகும்.

எடையும் நிலைப்பும்

அழகுக்கெனப் பூச்சை மிகுதியாக்கினால் வால் கனக்கும். ஏவூர்தி நிலையாகப் பறக்க, அதன் ஈர்ப்பு மையம் காற்றழுத்த மையத்திற்கு முன்னே, குறைந்தது குழலின் ஒரு விட்ட அளவேனும் தள்ளி இருத்தல் வேண்டும். காற்றழுத்த மையத்தைக் கணக்கிடும் எளிய முறையை, நாசா பொறியாளரான ஜேம்ஸ் பாரோமன் 1966ஆம் ஆண்டில் மாதிரி ஏவூர்தி ஆர்வலர்களுக்கு அளித்தார்.

கணக்கோடு கைச்சோதனையும் உண்டு. உந்துபொறியையும் வான்குடையையும் பொருத்திய ஏவூர்தியை, சமநிலை கொள்ளும் இடத்தில் நூலால் கட்டித் தலைக்குமேல் சுழற்ற வேண்டும். முனை முன்னோக்கிச் சென்றால் ஏவலாம். தடுமாறினாலோ பின்புறமாகச் சென்றாலோ, முனையில் எடை கூட்ட வேண்டும். அல்லது சிறகைப் பெரிதாக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

1962ஆம் ஆண்டு நாசா ஏவிய ரேஞ்சர் 3, 4, 5 ஆகிய விண்கலங்கள், நிலவில் இறக்குவதற்கான நிலநடுக்கமானிகளைச் சுமந்து சென்றன. மோதலின் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக அக்கருவிகளைச் சுற்றிப் பால்சா மரக் கவசம் அமைக்கப்பட்டிருந்தது. அம்மூன்றும் தம் பணியை முடிக்க இயலாமற் போயினும், ரேஞ்சர் 4 நிலவின் மறுபக்கத்தில் மோதி வீழ்ந்தது.

நிறைவாக

நார்வழியை மதியாத வெட்டும், சோதியாத தோளும், அளவு மீறிய பூச்சும் மேசையின்மேல் இருக்கும்வரை சிறு பிழைகளே. வானில் அவை கீழே நிற்போருக்கு இடராக மாறும். சரியாக அமைந்த தோளும் சிறகும், ஏறியதைப் பழுதின்றி மண்ணுக்கு மீட்டுத் தரும். உயரச் செல்வது உந்துபொறியின் வலிமை. நலமாகத் திரும்புவது செய்தவர் கைகளின் பொறுப்பு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள தச்சர் ஒருவரைச் சந்தித்து, மரத்தின் நாரோட்டத்தை அவர் எவ்வாறு கண்டறிகிறார் எனக் கேட்டறிந்து எழுதுக.
2. 'உடைவதும் ஒரு பாதுகாப்பே' என்னும் கருத்து பயன்படும் பிற கருவிகளைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.