கூச்சலில் பிறந்த இசை!

பாரிஸ், 1913 மே 29. ஷான்ஸ் எலிசே தியேட்டரில் இசை தொடங்கிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். ஒரு பக்கம் கேலிச் சிரிப்பு, மறுபக்கம் கூச்சல், ரசிகர்களுக்குள்ளேயே வாக்குவாதம். ஆடுபவர்களுக்குத் தாளம் கேட்கவில்லை. நடனம் அமைத்த நிஜின்ஸ்கி, மேடையின் பக்கவாட்டில் நாற்காலி மேல் ஏறி நின்று எண்ணிக்கையைக் கத்திச் சொன்னார். இசையமைத்த ஸ்ட்ராவின்ஸ்கி கோபத்தோடு இருக்கையை விட்டு எழுந்து போய்விட்டார். இசைக்குழுவை வழிநடத்திய பியர் மோன்டோ மட்டும் அசரவில்லை. கடைசிவரை நடத்தி முடித்தார்.

அந்தப் படைப்பு 'வசந்தத்தின் சடங்கு'. அதை மேடையேற்றியது 'பாலே ரூஸ்' குழு.

'ரஷ்ய பாலே' என்பதுதான் பெயரின் அர்த்தம். ஆனால், இந்தக் குழு ரஷ்யாவில் ஒருமுறைகூட ஆடியதில்லை! 1909-ல் பாரிஸில் இதன் முதல் நிகழ்ச்சிகளை நடத்தியவர் செர்கெய் டியாகிலெவ். அவர் நடனக் கலைஞர் அல்ல. திறமைசாலிகளைக் கண்டுபிடிப்பதில் மன்னன். அதிகம் அறியப்படாத இளைஞரான ஸ்ட்ராவின்ஸ்கியை நம்பி 'நெருப்புப் பறவை'யை ஒப்படைத்தார். 1910-ல் அது மேடையேறியதும் ஸ்ட்ராவின்ஸ்கி புகழின் உச்சிக்குப் போனார். ரவேல், டெபுசி, ஸதி, ஃபாயா என்று அந்தக் கால ஜாம்பவான்களும் இந்தக் குழுவுக்காக இசையமைத்தார்கள்.

1929-ல் வெனிஸ் நகரில் டியாகிலெவ் இறந்தார். குழுவும் கலைந்தது.

நடனம் ஆடுபவரின் உடலோடு போய்விடும். 'வசந்தத்தின் சடங்'கில் நிஜின்ஸ்கி அமைத்த அசைவுகள் சில மேடைகளோடு மறைந்தன. பழைய படங்கள், குறிப்புகள், நினைவுகளை வைத்து அமெரிக்காவின் ஜாஃப்ரி பாலே குழு 1987-ல்தான் அதை மீட்டெடுத்து ஆடியது. இசையோ காகிதத்தில் பத்திரமாக இருந்தது. அதனால்தான், ஆடுபவர் ஒருவர்கூட இல்லாமல் இந்தப் படைப்புகளை இன்றும் உலகம் முழுக்கக் கச்சேரியாக வாசிக்கிறார்கள்.

பாலே நடக்கும்போது வாத்தியக்காரர்கள் மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பார்வையாளர்களின் கண் ஆட்டத்தின் மீதே இருக்கும். கச்சேரியில் அவர்கள் மேடைக்கே வந்துவிடுகிறார்கள். 'வசந்தத்தின் சடங்கு'க்குச் சுமார் நூறு பேர் தேவை. ஆரம்பமோ ஒற்றைக் குழல்தான். கனத்த குரல் கொண்ட பாசூன் என்ற அந்தக் குழலை, அதன் உச்ச ஸ்தாயியில் பாடவைத்திருக்கிறார் ஸ்ட்ராவின்ஸ்கி. பிரான்சின் 'லே சியெக்ல்' இசைக்குழு ஒரு படி மேலே போய், அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே இவற்றை வாசித்துக் காட்டியது.

கச்சேரியாக வந்தபோதுதான் ஸ்ட்ராவின்ஸ்கியின் காயமும் ஆறியது. 1914 ஏப்ரலில் பாரிஸில் நடனம் இல்லாமல் இதே இசையை நடத்தினார் மோன்டோ. நிகழ்ச்சி முடிந்ததும் ரசிகர்கள் ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள்!

1963 மே 29. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். கூச்சல் எழுந்த அந்த இரவுக்குச் சரியாக 50 வயது. அதே இசையை நடத்த மேடையேறியவர், 88 வயது மோன்டோ. அன்று அரங்குக்கு வந்தவர்களில் ஒருவர், 80 வயது ஸ்ட்ராவின்ஸ்கி.