வீட்டுத்திட்டம்: பெயர் பட்டியலில் வருவதும் வீடு கடனில்லாமல் முடிவதும்

மீள்குடியேறிய கிராமங்களுக்கு நாங்கள் போகும்போது, வாகனத்திலிருந்து இறங்குவதற்கு முன்னரே ஒரு கேள்வி வந்துவிடும்: "எங்கட பேர் வீட்டுத்திட்டத்தில வருமோ?" அந்தக் கேள்விக்கான விளக்கம் இந்தக் கட்டுரையின் முதற்பாதி. பெயர் வந்த பிறகு கேட்கவேண்டிய, ஆனால் பலரும் கேட்காமல் விடும் கேள்வி ஒன்றும் உண்டு: வீடு முடியும்போது கையில் கடன் இருக்குமா? அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

வடக்கு கிழக்கில் நடைபெற்ற மிகப் பெரிய வீட்டு உதவிகளில் ஒன்று இந்திய அரசாங்கத்தின் வீட்டுத்திட்டம். 2010 ஜூனில் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளில் 46,000 வடக்கு கிழக்குக்கும் 4,000 மலையகத்துக்கும் ஒதுக்கப்பட்டன. முதலில் 1,000 வீடுகள் முன்னோடியாகக் கட்டப்பட்டன. 2012 ஒக்டோபர் 2 ஆம் திகதி தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் முறை மாறியது. ஒப்பந்தக்காரர் வீட்டைக் கட்டித் தரவில்லை. வீட்டுக்காரர் தானே கட்டினார். முழுமையாக அழிந்த வீட்டுக்குப் பதிலாகப் புதிய வீடு கட்ட 550,000 ரூபாவும், பகுதியளவில் சேதமடைந்த வீட்டைத் திருத்த 250,000 ரூபாவும் வழங்கப்பட்டன. இது கடன் அல்ல, திருப்பிச் செலுத்த வேண்டியிருக்கவில்லை. பணம் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வந்தது. ஆகவே பெயர் சேர்க்கவோ தவணையை விரைவுபடுத்தவோ யாராவது காசு கேட்டால், அவர் எந்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

பயனாளிகள் புள்ளி முறையில் தெரிவு செய்யப்பட்டார்கள். பெண் தலைமை தாங்கும் குடும்பம், மாற்றுத்திறனாளி இருக்கும் குடும்பம், முதியோர், சிறு பிள்ளைகள் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி இருந்தது. குடும்ப அங்கத்தவர்களின் எண்ணிக்கைக்கும் இருந்தது. இங்கேதான் பலருக்கு மனவருத்தம். ஒரு பிள்ளையுடன் தனித்து நிற்கும் தாயும், பிள்ளைகளை இழந்து தனியே வாழும் முதியவரும் எண்ணிக்கையில் பின்தள்ளப்பட்டார்கள். போர் குடும்பத்தைச் சிறிதாக்கியது, அந்தச் சிறிய குடும்பத்துக்கே புள்ளி குறைந்தது. இது சரியில்லை என்பதே எங்கள் கருத்து. கூட்டங்களிலும் இதைச் சொல்லி வந்தோம். ஆனால் இதுபோன்ற முறை இருக்கும்வரை, உங்களுக்குரிய புள்ளி ஒன்றாவது பதியப்படாமல் போகாதபடி பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது.

அதற்கு முதலில் பார்க்க வேண்டியது குடும்ப அட்டை. இடம்பெயர்ந்திருந்த இடத்தில் செய்த பதிவு இன்னும் அங்கேயே கிடந்தால் அதைச் சொந்தக் கிராமத்துக்கு மாற்றுங்கள். திருமணமாகிப் பெற்றோருடன் ஒரே கொட்டிலில் இருக்கும் மகளின் குடும்பம் தனிக் குடும்பமாகப் பதியப்பட்டிருக்கிறதா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். காயமடைந்தவர் வீட்டில் இருந்தால் மருத்துவச் சான்றிதழை எடுத்து வையுங்கள். உடம்பில் இருக்கும் ஷெல் துண்டு படிவத்தில் தானாகத் தெரியாது. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், காணிப் பத்திரம் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் தவணை நின்றுபோகலாம்.

அடுத்தது காணி. வீடு கட்டும் நிலம் உங்களுடையது என்று காட்ட உறுதியோ, அனுமதிப்பத்திரமோ, பிரதேச செயலாளரின் உறுதிப்படுத்தலோ வேண்டும். வன்னியில் பெரும்பாலான குடியேற்றக் காணிகள் 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள். பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், பொலிஸில் முறைப்பாடு பதிந்து அந்தப் பிரதியுடன் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். பதிவேடு தப்பியிருந்தால் உங்கள் துண்டின் விபரம் அதில் இருக்கும். ஒரே காணியை இரண்டு பேர் உரிமை கோரும் சிக்கல்களுக்காகக் காணி ஆணையாளர் நாயகம் திணைக்களம் 2013/01 என்ற சுற்றறிக்கையை வெளியிட்டிருக்கிறது. காணிக் கிளையில் இந்த இலக்கத்தைச் சொல்லிக் கேட்டால் வேலை சுலபமாகும்.

அனுமதிப்பத்திரம் கணவரின் பெயரில் இருந்து அவர் காணாமல் போயிருந்தால்? இந்தக் கேள்வியைத் தாய்மார் எங்களிடம் தாழ்ந்த குரலில்தான் கேட்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேலாகக் காணாமல் போய், இறந்திருக்கலாம் என்று நம்பப்படுபவருக்கு உறவினர் மரணச் சான்றிதழ் பெறலாம் என்று 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. பெறலாம் என்பதுதான் சட்டம். பெறவேண்டும் என்று அது சொல்லவில்லை. தேடிக்கொண்டிருக்கும் ஒரு மனைவிக்கு அந்தக் கடதாசி வெறும் கடதாசி அல்ல. வீட்டுக்காக அதை எடுத்தே ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால், ஒப்பமிடுவதற்கு முன் பிரதேச செயலாளரை நேரில் சந்தித்து, வேறு உறுதிப்படுத்தல் ஏற்கப்படுமா என்று கேளுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பட்டியல் கிராமத்தில் பொது இடத்தில் ஒட்டப்படும். பெயர் இல்லையென்றால் வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். என்ன விபரம் தவறாகப் பதியப்பட்டது என்பதை மட்டும் எழுதினால் போதும், பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படிக் கிடைத்தது என்பது தேவையில்லை. கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி.

இந்தத் திட்டத்தில் எதிர்பார்க்கப்பட்ட வீடு ஏறத்தாழ 550 சதுர அடி: இரண்டு அறை, ஒரு விறாந்தை, குசினி, மலசலகூடம். 550,000 ரூபாவை 550 சதுர அடியால் பிரித்தால் ஓர் அடிக்கு ஆயிரம் ரூபா. இந்த ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அத்திவாரத்தை 700 சதுர அடிக்கு வெட்டினால், அந்தக் கணக்கிலேயே 150,000 ரூபா உங்கள் கையிலிருந்து போகவேண்டும். சீமெந்து, மணல், மேசன் கூலி ஏறும் வேகத்தில் அது அதற்கும் மேலேதான் போகும்.

ஆனாலும் அத்திவாரம் பெரிதாகிறது. காரணங்கள் எங்களுக்குப் புரியாதவை அல்ல. முப்பது வருடம் கொட்டிலிலும் தறப்பாளுக்குக் கீழேயும் இருந்தவர்களுக்கு இது வாழ்க்கையில் ஒரு தடவை வரும் வாய்ப்பு. மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கும் வீடு சிறிதாக இருந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்ற பயம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் தம்பி "நீங்கள் தொடங்குங்கோ அக்கா, நான் பார்க்கிறன்" என்று தொலைபேசியில் சொல்லியிருப்பார். அவர் மனமறிந்து பொய் சொல்வதில்லை, ஆனால் அவருக்கும் அங்கே கடன் இருக்கிறது. முதல் தவணை பெரிய அத்திவாரத்துக்குள் போய்விடும். பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும். குறிப்பிட்ட மட்டம் முடிந்ததைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்து உறுதிப்படுத்தினால்தான் அடுத்தது. சுவர் பாதியில் நிற்கும்போது அந்த மட்டத்தை எட்டக் காசு தேவை. அப்போது காதில் கிடப்பது அடகுக்குப் போகிறது, பிறகு நாள் வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார். கூரை ஏறிய வீட்டில் குடியிருந்துகொண்டு அந்த வட்டியைக் கட்டும் குடும்பங்கள் உண்டு.

பெரிய வீடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிறகு நீட்டக்கூடிய சிறிய வீட்டை முதலில் முடியுங்கள். எந்தப் பக்கம் அறை சேர்க்கப்போகிறீர்கள் என்று வரைபடம் போடும்போதே தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் சொன்னால், கூரைச் சரிவையும் யன்னலையும் அதற்கேற்றபடி வைத்துத் தருவார். வாஸ்து பார்ப்பவர்கள் அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே பாருங்கள். வெட்டிய பிறகு திசை மாற்றியவர்களின் செலவு எந்தத் தவணையிலும் அடங்காது.

சில சிறிய விடயங்களிலும் பெரிய காசு மிச்சமாகும். ஐந்தாறு வீட்டார் சேர்ந்து சீமெந்தும் மணலும் எடுத்தால் ஏற்றுக்கூலி குறையும். மணல் ஏற்றவும் பனை தறிக்கவும் அனுமதி வேண்டும், கிராம அபிவிருத்திச் சங்கம் ஊடாகச் சேர்ந்து கேட்பது நல்லது. கல்லை முற்றத்திலேயே அரிந்தால் வீட்டாரின் உழைப்பும் கணக்கில் சேரும். மேசனுக்கு முழுக் கூலியையும் முன்பணமாகக் கொடுக்கவேண்டாம். இந்த வேலைக்கு இவ்வளவு என்று எழுதி, முடிந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள். ஒக்டோபர் முடிவில் மழை பிடித்தால் அத்திவாரக் குழி கேணியாகிவிடும். தரையில் அடுக்கிய சீமெந்துப் பை கல்லாகிவிடும். பலகை போட்டு அடுக்குங்கள்.

வேறு உதவிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். தேசிய வீடமைப்பு அதிகார சபை கடன் கொடுக்கிறது. அது கடன்தான், தவணை கட்ட மாத வருமானம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். குடும்பத்தில் யாராவது தனியார் நிறுவனத்தில் வேலை செய்து ஊழியர் சேமலாப நிதி சேர்ந்திருந்தால், அந்த மீதியைப் பிணையாக வைத்து வீட்டுக்கடன் எடுக்க வழி இருக்கிறது. தொழில் திணைக்கள அலுவலகத்தில் விசாரிக்கலாம். இவை இரண்டும் நாள் வட்டியை விட எவ்வளவோ மேல். ஆனால் சுவர் பாதியில் நின்ற பிறகு ஓடிப்போய் விண்ணப்பிப்பவருக்கு அவை உதவாது. கடன் எடுப்பதென்றால் அத்திவாரக் கயிறு கட்டுவதற்கு முன்னரே விண்ணப்பித்து, எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்த பிறகு அளவைத் தீர்மானியுங்கள்.

சிட்டைகள், வங்கிச் சீட்டுகள், மேசனுடன் எழுதிய கடதாசி எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, கொட்டிலில் மழை ஒழுகாத மூலையில் தொங்கவிடுங்கள். கடைசித் தவணைக்கு முன் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரும் நாளில் வீட்டுக்காரர் வயலுக்குப் போயிருந்தாலும், வீட்டில் இருப்பவர் அந்தப் பையை எடுத்துக் காட்டக்கூடியதாக இருக்கவேண்டும்.