ஆற்றுக்கேற்ற தூண்டிற்கோல்

கோடை விடுமுறையில் இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்குக்குச் செல்லும் நம்மவருள் பலர் மணாலியைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். சண்டிகர்–மணாலி நெடுஞ்சாலையில், ஔட் என்னும் ஊரருகே பிரிந்து பஞ்சாரை நோக்கிச் செல்லும் சாலை, தீர்த்தன் என்னும் சிற்றாற்றின் கரைக்கு நம்மை இட்டுச் செல்கிறது. 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பெரும் இமாலயத் தேசியப் பூங்காவின் மலைகளில் தோன்றி, லார்ஜி அருகே பியாஸ் நதியுடன் கலக்கும் ஆறு இது. இதன் குளிர்ந்த, தெளிந்த நீரில் பழுப்பு டிரவுட் மீன்கள் வாழ்கின்றன.

டிரவுட் இந்நாட்டு மீன் அன்று. பிரிட்டனிலிருந்து கொண்டுவரப்பட்ட முட்டைகள் 1900ஆம் ஆண்டில் காஷ்மீரில் வெற்றிகரமாகப் பொரிக்கப்பட்டன. 1909ஆம் ஆண்டில் குலுவுக்கும் இம்மீன் வந்து சேர்ந்தது. நம் நீலகிரியிலும் 1907ஆம் ஆண்டிலேயே அவலாஞ்சியில் டிரவுட் பொரிப்பகம் நிறுவப்பட்டது. உரிய அனுமதிச் சீட்டுடன் இம்மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பதும், பிடித்த மீனை நீரிலேயே விட்டுவிடுவதும் தீர்த்தன் கரையில் பயணிகள் விரும்பும் பொழுதுபோக்காக வளர்ந்துள்ளன.

இதற்கு உரிய கருவி 'ஃபிளை ராட்' எனப்படும் தூண்டிற்கோல். முதன்முறை வாங்க முற்படுபவர் கடையிலோ இணையத்திலோ காணும் எண்களும் விலைகளும் அவரைத் திகைக்கச் செய்யும். சில அடிப்படைகளை அறிந்துகொண்டால் அந்தத் திகைப்பு நீங்கும், பணமும் வீணாகாது.

கயிற்றின் எடையே கணக்கு

நம் ஏரி, குளங்களில் பயன்படும் தூண்டிலில், முனையில் கட்டிய ஈயக்குண்டு அல்லது இரையின் எடையே நரம்பைத் தொலைவுக்கு இழுத்துச் செல்கிறது. ஃபிளை தூண்டிலில் இந்த முறை தலைகீழாகிறது. இறகும் நூலும் கொண்டு சிறு முள்ளின்மீது கட்டப்படும் செயற்கைப் பூச்சிக்கு எடை என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. ஆகவே எறிவதற்கு வேண்டிய எடை முழுவதும் கயிற்றிலேயே அமைந்துள்ளது. தடித்த மேலுறை கொண்ட அந்தக் கயிற்றை முன்னும் பின்னும் வீசும்போது கோல் வளைந்து நிமிர்கிறது. அந்த விசையில் கயிறு பறக்க, பூச்சி அதனைப் பின்தொடர்கிறது.

கோலின்மீது பொறிக்கப்பட்டுள்ள எண், அக்கோல் எந்த எடைக் கயிற்றுக்காகச் செய்யப்பட்டது என்பதைக் குறிக்கிறது. கயிற்றின் முதல் 30 அடி, அதாவது சுமார் 9 மீட்டர் நீளத்தின் எடையே அதற்கு அளவுகோல். எண் 3 கயிற்றில் இது ஏறத்தாழ 6.5 கிராம், எண் 4இல் 7.8 கிராம்; எண் 5இல் 9.1 கிராம், எண் 8இல் 13.6 கிராம். எண் 4 கோலுக்கு எண் 4 கயிறே பொருந்தும். எண் 8 கோலில் எண் 4 கயிற்றைக் கோத்தால், கோல் வளைவதற்குப் போதிய எடையின்றிக் கயிறு காலடியிலேயே விழும்.

எந்த எண்?

கடன் கோரி வருபவரிடம் வங்கி அலுவலர் 'எவ்வளவு?' என்று கேட்பதற்கு முன் 'எதற்கு?' என்று கேட்பார். தூண்டிற்கோல் வாங்குபவரும் அதே கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த நீரில், எந்த மீனைப் பிடிக்கப் போகிறோம்?

தீர்த்தன் போன்ற மலையாறுகளில் கிடைக்கும் டிரவுட்களில் பெரும்பாலானவை ஒரு கிலோவுக்கும் குறைவானவை. அவை கூர்ந்த பார்வையும் அச்ச உணர்வும் மிக்கவை. கனமான கயிறு நீரில் சளப்பென விழுந்தால் அந்த மடுவில் உள்ள மீன்கள் யாவும் பாறைகளுக்கடியில் ஒளிந்துகொள்ளும். எனவே எண் 3, 4, 5 ஆகிய மெல்லிய வகைகளே இங்கு ஏற்றவை. ஒரே ஒரு கோல் மட்டும் வாங்க இயலும் எனில் எண் 4 நல்ல நடுநிலை. காற்று மிகுந்த அகன்ற ஆறுகளுக்கும் செல்லும் எண்ணம் உடையோர் எண் 5ஐத் தெரிந்தெடுக்கலாம்.

இமயமலை அடிவாரத்துப் பேராறுகளில் வாழும் பொன்னிற மாசீர் வேறு கணக்கு. பெரிதாக வளர்ந்து, வலிய நீரோட்டத்தில் பாய்ந்தோடும் அம்மீனுக்கு எண் 8 அல்லது அதற்கு மேற்பட்ட கோல் வேண்டும். 'இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டும்' என்று எண் 6 அல்லது 7ஐ வாங்குவோர் உண்டு. அக்கோல் டிரவுட்டுக்கு மிகையாகவும் மாசீருக்குக் குறையாகவும் முடியும். முதல் பயணம் எங்கே என்பதை உறுதிசெய்து, அதற்குரியதை மட்டும் வாங்குவதே சிக்கனம்.

நீளமும் வளைவும்

பொதுவாகக் கிடைக்கும் கோல்கள் 9 அடி நீளமுடையவை. நீளமான கோல் கயிற்றை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்க உதவும். ஆகையால் திறந்த வெளியான ஆறுகளில் அதுவே வசதி. இருபுறமும் மரக்கிளைகள் கவிந்த குறுகிய கிளையோடைகளிலோ, பின்வீச்சின்போது கயிறு கிளைகளில் சிக்கும். அங்கு 7½ அடி முதல் 8 அடி வரையுள்ள கோல் கைக்கு அடக்கமானது.

வளையும் தன்மையும் முக்கியம். நுனி மட்டும் வளையும் விறைப்பான கோலை 'ஃபாஸ்ட்' வகை என்பர். அது நெடுந்தொலைவு வீசவும் எதிர்காற்றைச் சமாளிக்கவும் வல்லது; ஆனால் நேரம் தவறாத பயிற்சியைக் கோருவது. பாதிவரை வளையும் 'மீடியம்' வகை, கோலில் ஏறும் எடையைக் கைக்கு உணர்த்துவதால் புதியவர் எளிதில் கற்றுக்கொள்ளலாம். சிற்றாறுகளில் பெரும்பாலும் 10 மீட்டருக்கு உட்பட்ட வீச்சே போதும் என்பதால், விலை மிகுந்த விறைப்பான கோலின் ஆற்றல் அங்கு பயன்படாமலே போகும்.

கல்கத்தா மூங்கில் முதல் கார்பன் வரை

இக்கருவிக்கும் நம் நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டில், மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, சீவிய ஆறு பட்டைகளை அறுகோண வடிவில் ஒட்டிக் கோல் செய்யும் கலை மேலைநாடுகளில் வளர்ந்தபோது, அதற்கான மூங்கில் இந்தியாவிலிருந்து சென்றது. ஏற்றுமதியான துறைமுகத்தின் பெயரால் அது 'கல்கத்தா மூங்கில்' என்றே அழைக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்சீனத்தின் டோன்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிக் கண்ணாடியிழையும், 1970களில் கார்பன் இழையும் வந்தன. இன்று விற்பனையில் உள்ளவற்றில் பெரும்பாலானவை கார்பன் கோல்களே.

கார்பன் இலேசானது, வலியது. ஆயினும் ஓர் எச்சரிக்கை: அது மின்சாரத்தைக் கடத்தும். மலைக் கிராமங்களில் ஆற்றின் குறுக்கே செல்லும் மின்கம்பிகளின் அருகிலோ, இடி மின்னலின்போதோ 9 அடிக் கார்பன் கோலை உயர்த்திப் பிடிப்பது உயிருக்கே ஆபத்து.

மீனின் உயிரும் கோலைப் பொறுத்தது

மெல்லிய கோலே நல்லது எனில், எண் 1 அல்லது 2 இன்னும் சிறந்ததல்லவா என்று தோன்றலாம். பிடித்ததை விட்டுவிடும் வழக்கம் உள்ள இடத்தில் இக்கேள்விக்கு விடை மீனிடமே உள்ளது. வலுவற்ற கோலால் மீனை விரைவில் கரைசேர்க்க இயலாது. நெடுநேரம் போராடும் மீன் சோர்ந்துபோகிறது. விடுவித்தவுடன் நீந்திச் செல்வதாகத் தோன்றினாலும், அது பின்னர் இறக்கக்கூடும். நீர் வெதுவெதுப்பாக உள்ள நாள்களில் இந்த ஆபத்து மிகுதி. மிகக் கனமான கோலோ மெல்லிய நரம்பை அறுத்து, முள்ளை மீனின் வாயிலேயே தங்கச் செய்யும். பொருத்தமான கோல் மீனை விரைந்து கைக்கு அருகில் கொணர்கிறது. முள்ளின் நுனியில் உள்ள எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டு, கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரிலேயே வைத்து விடுவித்தால் அது மறுநாளும் அந்த மடுவில் இருக்கும். வருகின்ற பயணியை நம்பி வாழும் சிறு விடுதிக்காரருக்கும் வழிகாட்டிக்கும் அம்மீனே முதல்.

வாங்கும் முன்

செலவைப் பங்கிடும்போது கோலுக்கும் கயிற்றுக்கும் முன்னுரிமை தருக. சிறு டிரவுட்டுக்கு ரீல் பெரும்பாலும் கயிற்றைச் சுற்றி வைக்கும் கருவி மட்டுமே. ஆதலால் அதில் சிக்கனம் காட்டலாம். நான்கு துண்டுகளாகப் பிரியும் கோலை வாங்குவது பயணத்துக்கு உகந்தது. 9 அடிக் கோலும் அவ்வாறு பிரிந்தால் முக்கால் மீட்டர் குழாய்க்குள் அடங்கும். இரயில் இருக்கையின் கீழே வைத்துவிடலாம்.

வெளிநாட்டு இணையதளத்தில் வாங்குவோர், அங்கு காணும் விலையோடு சுங்க வரி, அனுப்புகைச் செலவு, அட்டைக்கான அந்நியச் செலாவணிக் கட்டணம் ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்த பின்னரே உள்நாட்டு விலையோடு ஒப்பிட வேண்டும். கோலின் நுனி எளிதில் உடைவது. உடைந்த துண்டை மட்டும் மாற்றித் தருவார்களா என்பதையும் முன்னரே கேட்டறிவது நலம்.

இயன்றால் வாங்குமுன் புல்வெளியில் வீசிப் பாருங்கள். முள்ளுக்குப் பதிலாகச் சிறு கம்பளி நூல் துண்டைக் கட்டிக்கொள்ளலாம். அரைமணி நேரம் வீசியும் மணிக்கட்டு வலிக்கவில்லை எனில், அக்கோல் உங்கள் கைக்கு உரியது.

டிரவுட் இனப்பெருக்கக் காலமான நவம்பர் முதல் பிப்ரவரி இறுதிவரை இமாசலத்தில் டிரவுட் பிடிக்கத் தடை உண்டு. மழைக்காலத்தில் ஆறு கலங்கி ஓடும். எனவே மார்ச் முதல் ஜூன் வரையிலும், மழை ஓய்ந்தபின் அக்டோபர் வரையிலும் பயணத்தை வகுத்துக்கொள்ளலாம். மாநில மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டைப் பெற்று, அதில் குறித்துள்ள விதிகளைப் படித்த பின்னரே நீரில் இறங்குக. சீட்டும் கோலும் சரியாக இருப்பின், எஞ்சியது பொறுமை ஒன்றே.