வண்டி ஓடும் சாலையில் கடை நிற்குமா?

ஆரல்வாய்மொழிக் கணவாயைக் காற்றும் கடக்கிறது, வண்டியும் கடக்கிறது. காற்றை மறித்துக் காசாக்கும் வித்தையை அருகிலுள்ள முப்பந்தல் 1980-களிலேயே கற்கத் தொடங்கிவிட்டது. வண்டியில் வருகிறவரை இறங்கவைத்து வியாபாரம் பார்ப்பது அதைவிடக் கடினமான வித்தை. நாஞ்சில் நாட்டின் கிழக்கு வாசலில் இருக்கும் ஆரல்வாய்மொழிக்கு மட்டுமான சிக்கல் இல்லை இது. வளர்ந்துவரும் எந்த ஊரிலும், “நம்ம ஊருக்கு ஒரு பெரிய ஜவுளிக்கடை வரக்கூடாதா, நல்ல செருப்புக்கடை வரக்கூடாதா, எல்லாத்துக்கும் பஸ் ஏறணுமா?” என்ற கேள்வியைக் கேட்கலாம். கடைகள் ஏன் ஓரிடத்தில் குவிகின்றன, ஏன் இன்னோர் இடத்தை எட்டிப் பார்ப்பதில்லை, ஊர் நினைத்தால் அதை மாற்ற முடியுமா என்பதைப் பார்ப்போம்.

முதலாளி எண்ணுவது தலைகளை

கடை போட இடம் தேடி வருகிறவர் ஊரின் பெருமையைக் கேட்பதில்லை. சாலையோரம் நின்று ஆள் எண்ணுகிறார். காலை எத்தனை பேர் போகிறார்கள், சாயங்காலம் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், கையில் பையோடு போகிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அவர் கணக்கு. அதன் பிறகே வாடகை, அட்வான்ஸ், கடை முகப்பின் அகலம், சரக்கு இறக்க வண்டி நிற்குமா என்பதெல்லாம் வரும்.

இந்தக் கணக்கில் ஆரல்வாய்மொழியின் பெரிய சொத்தான காற்றாலைகள் அதிகம் உதவுவதில்லை. மலைச்சரிவிலும் சமவெளியிலும் வரிசையாக நிற்கும் அந்தக் கோபுரங்கள் இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்று. ஆனால் நிறுவி முடித்த பிறகு ஒரு காற்றாலைக்குக் காவலரும் பழுது பார்ப்பவரும் போதும். ஆயிரம் பேர் வேலை பார்க்கும் ஒரு நூற்பாலை வாசலில் டீக்கடையும் சைக்கிள் கடையும் பலசரக்குக் கடையும் தானாக முளைக்கும். காற்றாலை வாசலில் அப்படி எதுவும் முளைக்காது. ஊரின் வருமானம் வேறு, ஊரின் ஆள் நடமாட்டம் வேறு. கடை பின்னதைத்தான் நம்பி வருகிறது.

பெரிய ஊரின் இழுப்பு

வில்லியம் ரெய்லி என்ற அமெரிக்கர் 1931-இல் ஒரு விதியை நூலாக வெளியிட்டார். இரண்டு ஊர்களுக்கு நடுவில் வாழ்கிறவர் எந்த ஊர்க் கடைக்குப் போவார் என்பதற்கான கணக்கு அது. பெரிய ஊர் அதிகம் இழுக்கும், தூரம் கூடக்கூட இழுப்பு குறையும் என்பது அதன் சாரம். ஒரு ஊர் இன்னொன்றைவிட ஒன்பது மடங்கு பெரியது, நடுவில் 12 கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். ரெய்லியின் கணக்குப்படி சின்ன ஊரின் வியாபார எல்லை வெறும் 3 கிலோமீட்டரில் முடிந்துவிடும். மீதி 9 கிலோமீட்டரும் பெரிய ஊருக்குச் சொந்தம்.

2011 கணக்கெடுப்பில் நாகர்கோவிலின் மக்கள்தொகை 2,24,849. 2019-இல் அது மாநகராட்சியும் ஆனது. ஆரல்வாய்மொழியிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் அது இருக்கிறது. ஆகவே கல்யாணப் பட்டும் நகையும் எடுக்க ஆரல்வாய்மொழிக்காரர் நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ போவதில் வியப்பில்லை. வாழ்நாளில் சில முறையே வாங்கும் பொருளுக்கு மக்கள் தொலைவு பார்ப்பதில்லை, பத்துக் கடை ஏறி இறங்கிப் பார்க்கவே விரும்புவார்கள். தினசரிச் சாமானுக்கு நேர்மாறு: மருந்து, காய்கறி, பால், பேக்கரிப் பண்டம், பள்ளிக்கூட நோட்டு இவற்றுக்கு யாரும் பஸ் ஏற விரும்புவதில்லை. சிறிய ஊர் முதலில் பிடிக்க வேண்டியது இந்த இரண்டாம் வகையைத்தான்.

குமரி மாவட்டத்தில் இன்னொரு தனித்தன்மையும் உண்டு. 2011 கணக்குப்படி இங்கே நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறவாசிகள். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த இடம் இதுதான். ஓர் ஊர் முடியுமுன் அடுத்த ஊர் தொடங்கிவிடுகிறது. முக்குக்கு முக்கு ஒரு ஜங்ஷன், ஜங்ஷனுக்கு ஜங்ஷன் நாலு கடை. இதனால் எல்லா ஊரிலும் கொஞ்சம் கடை இருக்கிறது. முழுக் கடைத்தெரு சில ஊர்களுக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது.

கோட்டாறும் மணிமேடையும் சொல்வது

முழுக் கடைத்தெரு எப்படி உருவாகிறது என்பதற்குத் தொலைவில் போய்ச் சான்று தேட வேண்டாம். நாகர்கோவிலின் பகுதியான கோட்டாறு பழம்பெரும் வணிக ஊர். கிரேக்க நிலவியலாளர் தாலமி குறிப்பிடும் ‘கொட்டியாரா’ இதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அங்கே சந்தை இருந்தது, கோயில் இருந்தது, பின்னர் சவேரியார் பேராலயமும் வந்தது. வடக்கே வடசேரியில் இன்னொரு சந்தை. நடுவில் 1893-இல் திறக்கப்பட்ட மணிக்கூண்டு நிற்கும் மணிமேடை. பேருந்து நிலையங்கள், நீதிமன்றம், பள்ளி, கல்லூரி, மருத்துவமனை எல்லாம் இந்த நீளத்திலேயே அமைந்தன. வழக்குக்கு வந்தவர் அரிசி வாங்கினார், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வந்தவர் துணி எடுத்தார். வேறு வேலையாக வந்த ஆள்தான் கடைக்கு முதல் வாடிக்கையாளர்.

திருநெல்வேலியிலும் அதே கதை. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியிருக்கும் தேர் வீதிகள்தான் அந்த ஊரின் பழைய கடைத்தெரு. சென்னை தியாகராய நகரில் கோயிலின் இடத்தை ரயில் பிடித்துக்கொண்டது. ரங்கநாதன் தெருவின் ஒரு முனை மாம்பலம் ரயில் நிலையம், மறுமுனை உஸ்மான் சாலை. ரயிலிலிருந்து இறங்கியவர் அந்தத் தெரு வழியே நடந்தே ஆக வேண்டும். அந்தக் குறுகலான தெருவில் இவ்வளவு வியாபாரம் நடப்பதற்கு முதல் காரணம் அந்த நடைதான்.

நான்குவழிச்சாலை வரமா?

ஆரல்வாய்மொழிக்குச் சாலைதான் வரலாறு. திருவிதாங்கூர் எல்லைக்கோட்டை இந்தக் கணவாயில்தான் வழியை மறித்து நின்றது. 1809 பிப்ரவரியில், வேலுத்தம்பி தளவாயின் எழுச்சிக் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அந்தக் கோட்டையைப் பிடித்துத்தான் தெற்கே நுழைந்தது. 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்ததும் எல்லை மறைந்தது. 1981-இல் நாகர்கோவில் – திருநெல்வேலி ரயில் பாதை வந்தது. பிறகு காவல்கிணறு – நாகர்கோவில் சாலை நான்குவழியானது. ஒவ்வொரு மாற்றமும் இந்த வழியே போவதை எளிதாக்கியது. இங்கே நிற்பதற்கான காரணத்தை ஒவ்வொன்றாக உருவியும் விட்டது.

சாலை அகலமானால் கடை பெருகும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது பெரும்பாலும் வேறு. மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்குக் கடைப் பலகையைப் படித்து முடிக்கவே நேரமிருக்காது. நடுத்திட்டு வந்தபின் எதிர்ச்சாரியில் இருப்பவர் சாலையைக் கடந்து இந்தப் பக்கக் கடைக்கு வர அஞ்சுகிறார். நெடுஞ்சாலை ஈர்க்கும் கடைகள் மூன்று நான்கு வகைதான்: பெட்ரோல் பங்க், பெரிய உணவகம், டயர்க் கடை, வாகன ஷோரூம். அவை ஊருக்கு வெளியே, வண்டி நிறுத்த நிலமுள்ள இடத்தில் அமையும். ஊர்க் கடைத்தெருவுக்கு அவற்றால் வரும் கூட்டம் குறைவு.

இந்த இழப்பு நமக்கு மட்டும் வந்ததில்லை. கனடாவின் டொராண்டோ நகரில் புளூர் மேற்குக் கடைவீதி, டிராம் வண்டியில் வந்து இறங்குகிறவர்களை நம்பியிருந்தது. 1968-இல் சுரங்க ரயில் அங்கே நீண்டதும் மக்கள் தரைக்கு அடியில் போகத் தொடங்கினார்கள். பேரங்காடிகளும் ஒருபக்கம் இழுத்தன. அந்த வீதியின் வணிகர்கள் 1970-இல் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு கடையும் கட்டாயமாக ஒரு கூடுதல் வரி கட்டும், நகராட்சி அதை வசூலித்துத் தரும், விளக்கு, மரம், இருக்கை, விழா என்று வணிகர் குழுவே அந்தத் தெருவுக்குச் செலவிடும். உலகின் பல நாடுகள் பின்பற்றும் வணிகப் பகுதி மேம்பாட்டு முறைக்கு அதுவே முன்னோடி.

நடைபாதை போட்டால் போதுமா?

சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைமேம்பாலம் வந்தது. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு 2017-இல் புதுப்பிக்கப்பட்டு வாகனங்களுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, வியாபாரம் படுத்துவிடும் என்று அங்குள்ள வணிகர்கள் எதிர்த்தார்கள். இன்றும் அந்தத் தெரு மலபாரின் முக்கியக் கடைவீதிகளுள் ஒன்று.

ஆனால் மறுபக்கச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் கலமசூ நகரம் 1959-இலேயே தன் மையக் கடைவீதியில் வாகனங்களைத் தடுத்து நடைவீதியாக்கியது. அந்நாட்டில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். 1998-இல் அதே வீதியின் ஒரு பகுதியில் மீண்டும் வாகனங்களை விட்டார்கள். ஏற்கெனவே நடக்கிற கூட்டத்துக்கு நடைபாதை போட்டால் வியாபாரம் கூடும். கூட்டமே புறநகருக்குப் போய்விட்ட தெருவில் கல் பதித்தால் கல் மட்டுமே மிஞ்சும்.

பேரூராட்சி கையில் இருப்பது

எந்த உள்ளாட்சியும் ஒரு முதலாளியை அழைத்துவந்து கடை போடச் சொல்ல முடியாது. ஆனால் அவர் வருவதற்கான நிலைமையை உண்டாக்க முடியும். அதற்கான கருவிகள் பெரும்பாலும் மலிவானவை.

முதலாவது, பேருந்து நிற்கும் இடம். நிறுத்தம் ஐம்பது மீட்டர் தள்ளிப் போனாலே ஒரு வரிசைக் கடை செழிக்கும், இன்னொரு வரிசை வாடும். ஆகவே நிறுத்தமும் கடைத்தெருவும் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது, காற்று. மே தொடங்கி செப்டம்பர் வரை கணவாய்க் காற்று இங்கே தட்டிப் பந்தலையும் பலகையையும் பிய்த்து எறியும். மற்ற ஊர் நகரமைப்பாளருக்குத் தோன்றாத தேவை இது: தூண் வைத்த தாழ்வாரம், காற்றை மறிக்கும் சுவர், வேரோடு சாயாத மரம். வெயிலும் புழுதியும் அண்டாமல் நடக்க முடிந்தால் ஆள் ஒரு கடையோடு திரும்பாமல் நாலு கடை பார்ப்பார்.

மூன்றாவது, சுத்தமான கழிப்பறை. பெண்கள் ஒரு கடைத்தெருவில் எவ்வளவு நேரம் செலவிடுவார்கள் என்பதை இது தீர்மானிக்கிறது. கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்களுக்கும் இது தேவை. அவர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்திய தமிழ்நாடு, கழிப்பறையையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும். நான்காவது, வண்டி நிறுத்தம். இடமில்லை என்று குறைப்படும் தெருவில் காலை முதல் இரவுவரை நிற்கிற வண்டிகளில் கணிசமானவை கடைக்காரர்களுடையவை. அவற்றைப் பின்தெருவுக்கு அனுப்பினாலே வாடிக்கையாளருக்கு இடம் கிடைக்கும்.

ஐந்தாவது, தெருவோர வியாபாரிகள். கடைக்காரர்கள் இவர்களை எதிரியாகப் பார்ப்பது வழக்கம். உண்மையில் கீரை வாங்கவும் மீன் வாங்கவும் தினமும் வருகிற ஆள்தான் பக்கத்துக் கடைகளின் வாடிக்கையாளரும். 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் இவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. அதற்கான நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது. விரட்டுவதைவிட வரிசைப்படுத்துவதே கடைத்தெருவுக்கு லாபம்.

ஆறாவது, ஏலம். உள்ளாட்சிக் கடைகள் பொது ஏலத்தில் போகின்றன. ஆவேசத்தில் கட்ட முடியாத வாடகைக்கு ஏலம் எடுப்பது, பின் உள்வாடகைக்கு விடுவது, பாக்கி, சீல் என்ற சங்கிலி தமிழ்நாடு முழுக்கப் பழகிப்போன ஒன்று. பூட்டிக் கிடக்கும் ஒரு கடை பக்கத்துக் கடையின் வியாபாரத்தையும் சேர்த்துக் குறைக்கும். தனியார் கட்டடங்களிலும் இதே நோய் உண்டு: பெரிய கம்பெனி வரும் என்று காத்து, வருடக்கணக்கில் ஷட்டரை இறக்கி வைத்திருப்பவர்கள் தெருவுக்குச் செய்யும் கேடு சின்னதில்லை.

எந்தக் கடை முதலில்?

ஆரல்வாய்மொழி நாகர்கோவிலோடு பட்டுச்சேலையில் போட்டியிட முடியாது. ஆனால் நாகர்கோவிலிடம் இல்லாத இரண்டு இதற்கு உண்டு. ஒன்று, கிறிஸ்தவ மறைசாட்சி தேவசகாயம் பிள்ளை 1752 ஜனவரி 14-இல் உயிர்நீத்த காற்றாடிமலை. 2022 மே 15-இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபின் அந்த இடத்தின் பெயர் உலகமெங்கும் தெரிந்தது. திருயாத்திரை வருகிறவர் அவசரப்படாத வாடிக்கையாளர்; அவருக்கு உணவு, நிழல், நினைவுப்பொருள், தங்குமிடம் தேவை. இன்னொன்று, பக்கத்துத் தோவாளையின் பூச்சந்தை. விடியலில் கூடிக் கேரளம்வரை பூ அனுப்பும் சந்தை அது. அதன் மாணிக்கமாலை என்னும் பூமாலைக்கும் குமரியின் மட்டி வாழைப்பழத்துக்கும் புவிசார் குறியீடு உண்டு. திருவனந்தபுரத்தை நோக்கிப் போகும் பயணிக்கு இவை வேறெங்கும் இப்படிக் கிடைக்காது.

ஆகவே வரிசை இப்படி இருக்கலாம். முதலில் ஊராருக்கான தினசரிக் கடைகள், காய்கறி மீன் சந்தை. அடுத்து யாத்திரிகரையும் பயணியையும் இறங்கவைக்கும் பூ, பழம், பண்டம். இந்த இரண்டும் நிலைத்து இரவு எட்டு மணிக்கும் தெருவில் கூட்டம் இருக்கிறது என்றால், ஜவுளிக்கடை முதலாளி அழைப்புக்காகக் காத்திருக்க மாட்டார். ஆளை எண்ணிவிட்டு அவரே வாடகை பேச வருவார். வரிசையைத் தலைகீழாக்கி, முதலிலேயே ஒரு பெரிய வணிக வளாகத்தைக் கட்டிவிட்டு ஆளைத் தேடிய ஊர்களில் கட்டடத்துக்கான கடன் தவணைதான் தவறாமல் வந்திருக்கிறது.