பிரிண்டரில் கோளாறில்லை, மைனி!

"மக்கா, இந்தச் சவம் பிரிண்டு எடுக்கமாட்டேங்கு. கம்ப்யூட்டரையும் சேத்து இழுத்துப் போட்டுட்டு நிக்கு. நீ வந்து ஒண்ணு பாரு." ஆரியங்கோட்டிலிருந்து மைனியின் போன். வீட்டுப் பிரிண்டர் மக்கர் செய்வதைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டுச் சரியாக இரண்டு நாள் ஆகியிருந்தது. களியக்காவிளையில் கேரள எல்லையைத் தாண்டிக் கிளம்பிவிட்டேன்.

மைனி கடை வைத்திருக்கவில்லை. ஆனாலும் ரேஷன் கார்டு விண்ணப்பம், ஹால் டிக்கெட் என்று அக்கம்பக்கத்தார் நீட்டும் எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுப்பார். ஒரு தாள் மலையாளத்தில் வரும், அடுத்த தாள் தமிழில் வரும். 1956 நவம்பர் 1 அன்று போட்ட எல்லைக்கோடு பேச்சில் இன்னும் சரியாக விழாத ஊர்கள் இவை.

பிரிண்ட் கொடுத்ததும் திரை உறைந்து 'நாட் ரெஸ்பாண்டிங்' என்றது. பிரிண்டர் பட்டியலைத் திறந்தால் காலி, ஒரு பிரிண்டர்கூட இல்லை. "போயாச்சு, புதுசு வாங்கணும்" என்று மைனி முடிவுகட்டிவிட்டார். ஜெராக்ஸ் எடுக்கும் பொத்தானை அழுத்தச் சொன்னேன். தாள் பளிச்சென்று வந்து விழுந்தது. அப்படியென்றால் பிரிண்டரில் கோளாறில்லை. இந்தச் சோதனை ஒரு நிமிட வேலைதான். இதைச் செய்யாமலே எத்தனை பிரிண்டர்கள் பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்காரர் சாக்குக்குள் போயிருக்குமோ!

"கடைசியா எப்ப பிரிண்டு எடுத்திய?"

"முந்தாநாள் ராத்திரி. பாதியில இடி வெட்டிச்சு, கறண்டும் போச்சு."

கிடைத்துவிட்டது. நாம் அச்சிடச் சொல்லும் எதுவும் நேராகப் பிரிண்டருக்குப் போவதில்லை. விண்டோஸில் ஸ்பூலர் என்றொரு பின்னணி நிரல் அதை வாங்கி, கோப்பாக்கி, வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாக அனுப்பும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் அரைகுறைக் கோப்பு ஒன்று வரிசையின் தலையில் கிடக்கும். கணினி மறுபடி எழுந்ததும் ஸ்பூலர் அதையே கையிலெடுக்கும், விழும். விண்டோஸ் அதைத் தானாக எழுப்பிவிட, மறுபடியும் அதே கோப்பு, மறுபடியும் விழும். ஸ்பூலர் விழுந்து கிடக்கும் நேரத்தில் பிரிண்டர் பட்டியலும் காலியாகத் தெரியும். கணினியை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் இது தீராது, ஏனென்றால் கோப்பு வட்டிலேயே கிடக்கிறது.

விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, 'சர்வீசஸ் டாட் எம்எஸ்சி' என்று கொடுத்துப் 'பிரிண்ட் ஸ்பூலர்' சேவையை நிறுத்தினேன். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். அங்கே கிடந்த கோப்புகளை மட்டும் அழித்துவிட்டு (ஃபோல்டரை அழிக்கக் கூடாது) சேவையை மறுபடி தொடங்கினேன். பட்டியலில் பிரிண்டர் திரும்பி வந்து நின்றது. மைனி கட்டன்சாயா போட எழுந்தார்.

அதற்குப் பிறகும் விழுந்தால் சந்தேகம் டிரைவர் மேல் திரும்ப வேண்டும். 'ஈவண்ட் வியூவர்' பதிவில் எந்தக் கோப்பால் விழுந்தது என்று பெயரோடு இருக்கும். 'பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் டிரைவரை அதன் பேக்கேஜோடு சேர்த்து நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினால் பெரும்பாலும் சரியாகும். 2021 மார்ச்சில் ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சில பிரிண்டர்களில் அச்சிடச் சொன்னாலே கணினி நீலத்திரை காட்டி விழுந்தது நினைவிருக்கலாம். அடுத்து வந்த அப்டேட்தான் அதைச் சரிசெய்தது. அதுவரை உலகமே காத்திருந்தது.

என்னை உறுத்துவது அந்தக் காத்திருப்புதான். டிரைவர் ஒரு துபாஷி. கணினியின் பேச்சைப் பிரிண்டருக்குப் புரிகிற பேச்சாக்கித் தருவது அதன் வேலை. இந்த எல்லையோர ஊரில் வீட்டுக்கு வீடு துபாஷிகள் உண்டு, மைனியே ஒருத்தர். அவர் தப்பாகச் சொன்னால் இடைமறித்துத் திருத்தலாம். ஆனால் பெரும்பாலான டிரைவர்களைத் திறந்து பார்க்கவே நமக்கு அனுமதியில்லை. பிரிண்டர் கம்பெனிகளின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பது படிப்படியாக நிறுத்தப்படும் என்று 2023 செப்டம்பரில் விண்டோஸ் நிறுவனத்தின் அறிவிப்பும் வந்தாயிற்று. பொதுவான ஒரே டிரைவர் இருந்தால் கோளாறு குறையும் என்று அதற்குக் காரணம் சொல்கிறார்கள். இருக்கலாம். பத்து வருடப் பழைய பிரிண்டர் வைத்திருக்கும் மைனிக்கு அதனால் என்ன லாபம்?

இந்த எரிச்சல் பழையது. 1980 வாக்கில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் லேசர் பிரிண்டர் ஒன்று அடிக்கடி தாளைச் சிக்க வைத்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்பிருந்த பிரிண்டரில் தாள் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரைக்குத் தகவல் போகும்படி நிரலைத் திருத்தி வைத்திருந்தார் அங்கிருந்த நிரலாளர் ஒருவர். புதியதற்கும் அப்படிச் செய்யலாம் என்று மூல நிரலைக் கேட்டார். கையில் வைத்திருந்தவர் தர மறுத்துவிட்டார், ரகசிய ஒப்பந்தமாம். கேட்டவர், எவரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்காக 1983 செப்டம்பரில் குனூ திட்டத்தை அறிவித்தார்.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்திய அமைப்பு 2001 ஜூலையில் தொடங்கப்பட்டது திருவனந்தபுரத்தில், மைனி வீடு இருக்கும் இதே மாவட்டத்தில். பிறகு கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகள் லினக்ஸுக்கு மாறின. மைனியின் மகள் பள்ளியில் லினக்ஸ் கற்கிறாள். வீட்டுக்கு வந்தால் விண்டோஸ். பிரிண்டர் விழுந்தபோது அவளைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

"சித்தப்பா, ஸ்கூல்ல உள்ளத பென் டிரைவ்ல போட்டுப் பாப்பமா?" என்று அவளேதான் கேட்டாள். பார்த்தோம். லினக்ஸின் அச்சு ஏற்பாடான கப்ஸ், கேபிளைச் செருகியதும் பிரிண்டரை அடையாளம் கண்டு டிரைவரையும் தானே பொருத்திக்கொண்டது. எல்லாப் பிரிண்டருக்கும் இப்படி அமையாது, சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவரே இல்லை. மைனியினுடையது ஓடியது.

பழைய பிரிண்டரை ஆக்ரிக்காரருக்குக் கொடுக்க எடுத்து வைத்திருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுங்கள். வீட்டில் பள்ளிப் பிள்ளை இருந்தால் முதலில் அதனிடம் காட்டுங்கள்.