குழாய் பொருத்தும் கைகள் எங்கே?

புது தில்லி: மக்களவையில் 2016 பிப்ரவரி 29-ஆம் தேதி நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்த அருண் ஜேட்லி, ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் புதிதாகச் சிறுநீரகச் செயலிழப்பின் இறுதிக் கட்டத்தை அடைவதாகவும், இருக்கும் சுமார் 4,950 மையங்களால் தேவையில் பாதியே நிறைவேறுவதாகவும் கூறி, தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தார். அவரே டயாலிசிஸ் நோயாளியாகி, 2018 மே மாதம் எய்ம்ஸில் மாற்றுச் சிறுநீரகம் பெற நேர்ந்தது யாரும் எதிர்பாராதது.

அத்திட்டத்தில் மாவட்ட மருத்துவமனைகளுக்கு இயந்திரங்கள் வந்தன. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்குக் கட்டணம் இல்லை. ஆனால், வாரம் மூன்று நாள் பேருந்து ஏறுவதற்கும், உடன் வருபவர் இழக்கும் கூலிக்கும் விலக்கு ஏது?

வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்றுவழி டயாலிசிஸ் இதற்கு மாற்று. ஒரு முறைக்குச் சுமார் 2 லிட்டர் திரவத்தை வயிற்றறைக்குள் செலுத்தி, சில மணி நேரம் கழித்து வடித்துவிட வேண்டும். இயந்திரமும் மின்சாரமும் கட்டாயமில்லை. தேவையானது, டென்காஃப் 1968-இல் வடிவமைத்த மெல்லிய சிலிக்கோன் குழாய். அதைச் சரியாகப் பொருத்தத் தெரிந்த மருத்துவர்.

முன்பு வயிற்றைக் கீறித்தான் பொருத்தினார்கள். இன்று லேப்ராஸ்கோபி முறையில் சிறு துளைகள் வழியே உள்ளே பார்த்தபடி, குழாயின் நுனியை இடுப்புக்குழிக்குள் நிறுத்துகிறார்கள். குடலை மூடியுள்ள கொழுப்புத்திரை குழாயை அடைக்காதவாறு ஒதுக்கிக் கட்டவும் முடியும். இதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவை. அதனினும் எளியது, தொப்புளுக்குக் கீழே அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஊசியும் வழிகாட்டுக் கம்பியும் கொண்டு சிறுநீரக மருத்துவரே பொருத்தும் முறை. முன்பே வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. எம்முறையானாலும், புண் ஆறச் சுமார் இரண்டு வாரம் விட்டுத் தொடங்குவதே வழக்கம். சுத்தம் தவறினால் வயிற்றறையில் நோய்த்தொற்று ஏற்பட்டு, உயிருக்கே ஆபத்தாகலாம்.

மத்திய அரசு 2019-இல்தான் இச்சிகிச்சைக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அவையில் எழும் வினாக்களோ இன்னும் பெரும்பாலும் எத்தனை மாவட்டம், எத்தனை இயந்திரம் என்ற கணக்கிலேயே நிற்கின்றன. குழாய் பொருத்தப் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர் என்று கேட்போர் அரிது. மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் இருப்பதால், தில்லி நெறிமுறை வகுத்தாலும் ஆளை அமர்த்த வேண்டியது மாநிலங்களே. நாளொன்றுக்கு நான்கு முறை மாற்றும் நோயாளிக்கு மாதம் 240 லிட்டர் திரவப் பைகளை ஊர் சேர்ப்பதும் அவற்றின் பொறுப்பே.