உலக இலக்குகளும் கோர்வைத் தறியும்

ஐக்கிய நாடுகள் சபை, நீடித்த வளர்ச்சி, 2030-ஆம் ஆண்டு என்னும் சொற்கள் இக்காலத்தில் அரசாங்க அறிக்கைகளில் அடிக்கடி காணப்படுகின்றன. நியூயார்க் நகரில் கூடிய நாடுகள் செய்த தீர்மானத்துக்கும், காஞ்சீபுரத்தில் பட்டு நெய்யும் அங்கத்தினருக்கும் என்ன சம்பந்தம் என்று வினவுவது நியாயமே. அச்சம்பந்தம் நம் சங்கத்தின் கூலிக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்குகள் தோன்றிய வரலாறு

2000-ஆம் ஆண்டில் உலக நாடுகள் ஒன்றுகூடி வறுமை, பசி, நோய் முதலியவற்றைக் குறைக்க உறுதி பூண்டன. அதன் பயனாக எட்டு இலக்குகள் வகுக்கப்பட்டு, 2015-ஆம் ஆண்டு அவற்றுக்குத் தவணையாக வைக்கப்பட்டது. அத்தவணை முடிந்ததும், 2015 செப்டம்பர் 25-ஆம் தேதி, 193 நாடுகள் 17 புதிய இலக்குகளை ஏற்றன. அவற்றின் உட்பிரிவுகள் 169. தவணை 2030-ஆம் ஆண்டு. முன்னைய எட்டும் பெரும்பாலும் ஏழை நாடுகளைக் குறித்தவை; பின்னைய பதினேழும் எல்லா நாடுகளுக்கும் பொருந்துவன.

‘நீடித்த வளர்ச்சி’ என்பதன் பொருளை விவசாய அங்கத்தினர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. இன்றைய பசிக்காக விதைநெல்லைக் குத்தித் தின்னாதிருப்பதே அது. 1987-ஆம் ஆண்டில் நார்வே நாட்டுப் பிரதமர் பிரண்ட்லண்ட் அம்மையாரின் தலைமையில் அமைந்த குழு இக்கருத்தை உலகுக்கு எடுத்துரைத்தது.

இக்கருத்து நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியது நமது பாலாற்றின் வழியாகவே என்பதைப் பலர் அறியார். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்தது பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாக, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையத்தார் எடுத்த கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நீதிமன்றம் நாட்டின் சட்டமாக ஏற்றது. பட்டின் பசை நீக்கும் சோப்பு நீருக்கும் சாயத் தொட்டியின் கழிவுக்கும் அதே நியாயந்தான் பொருந்தும்.

கோர்வையும் துணையாளும்

சாய நீரினும் தறிக்கு நெருக்கமான இலக்கு மற்றொன்று உண்டு. எட்டாவது இலக்கின் ஏழாம் உட்பிரிவு, எல்லா வகையான குழந்தைத் தொழிலையும் 2025-ஆம் ஆண்டுக்குள் ஒழிக்க வேண்டும் என்கிறது. அத்தவணை வந்துவிட்டது; இலக்கு எட்டப்படவில்லை. 2024-ஆம் ஆண்டில் உலகில் 13 கோடியே 80 லட்சம் குழந்தைகள் தொழிலில் ஈடுபட்டிருந்ததாகச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் யூனிசெப் ஸ்தாபனமும் கணக்கிட்டுள்ளன.

கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனியே இரண்டு நாடா, ஆக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவர் இரண்டைக் கவனிப்பார். மூன்றாவதைக் கவனிக்க அருகில் ஒரு துணையாள் வேண்டும். சென்ற நூற்றாண்டில் அந்த இடத்தில் அமர்ந்தவர் பல தறிகளில் சிறுவராகவே இருந்தனர். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அமர்த்தப்பட்டோரும் அவர்களுள் உண்டு. சட்டமும் பள்ளிக்கூடமும் அந்நிலையைப் பெரிதும் மாற்றின. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. 2017-இல் இந்தியா, குழந்தைத் தொழில் பற்றிய சர்வதேச உடன்படிக்கைகள் இரண்டையும் ஏற்று உறுதி செய்தது.

சிறுவர் பள்ளிக்குச் சென்றது மிகவும் நன்று. ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற இடத்துக்கு வயது வந்தவரை அமர்த்தும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது. கோர்வை நெசவு அருகி வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கணக்கு கூறுவது யாது?

விளக்கத்துக்காக மட்டும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு சேலைக்குக் கூலி 12,000 ரூபாய். நெய்ய 15 நாட்கள். வயது வந்த துணையாளுக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய் வீதம் 4,500 ரூபாய் கொடுத்தால், நெய்தவருக்கு மிஞ்சுவது 7,500. அதாவது நாளொன்றுக்கு 500 ரூபாய். சிறுவனை 100 ரூபாய்க்கு அமர்த்தினால் அவருக்கு நாளொன்றுக்கு 700 ரூபாய் மிஞ்சும். சேலை ஒன்றுக்கு வித்தியாசம் 3,000 ரூபாய். உலக நாடுகள் செய்த தீர்மானத்தின் விலை அந்தத் தறியில் இந்த 3,000 ரூபாயே.

நெசவுக் கூலி, சேலை ஒன்றுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கணக்கிடப்படுவதே வழக்கம். துணையாளின் பங்கு அதற்குள் மறைந்து நிற்கிறது. ஆகவே உலக இலக்கின் சுமை முழுவதும் நெசவாளர் ஒருவரின் தலையில் விழுகிறது. அவர் சிறுவனை அமர்த்தினால் சட்டத்துக்கு விரோதி. அமர்த்தாவிட்டால் குடும்பத்துக்குக் குறை. கோர்வையையே கைவிட்டால் நம் ஊரின் பெருமைக்கு இழப்பு. பண்பாட்டுச் செல்வத்தைக் காக்க வேண்டும் என்பதும் அப்பதினேழில் பதினோராவது இலக்கின் ஓர் உட்பிரிவேயாகும். இவ்விரண்டு இலக்குகளும் ஒரே தறியில் ஒன்றையொன்று முட்டுகின்றன. துணையாளுக்குரிய முழுக்கூலியைச் சேலையின் அடக்க விலையில் வெளிப்படையாகச் சேர்த்தால்தான் இரண்டும் ஒருங்கே நிறைவேறும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

தனி நெசவாளர் இதைத் தாமே செய்தல் அரிது. வியாபாரி வேறு தறிக்குப் போய்விடுவார். எல்லோரும் ஒரே விகிதத்துக்குக் கட்டுப்பட்டால் அது கைகூடும். அதற்கென்று ஏற்பட்டதே கூட்டுறவு. எனவே, கோர்வைச் சேலைக்கான அடக்க விலைக் கணக்கில் துணையாள் கூலியைத் தனி இனமாகக் காட்டுவது பற்றி ஒவ்வொரு சங்கமும் தன் பொதுச்சபைக் கூட்டத்தில் ஆலோசிக்கலாம். அத்தொகை வயது வந்தவருக்கே சென்றதென்று கூலிப் பட்டியலில் கையொப்பம் பெறலாம். துணையாட்களில் பலர் வீட்டுப் பெண்களே; அவர்களது உழைப்பும் அதனால் கணக்கில் ஏறும். விலை ஏன் கூடிற்று என்பதை வாங்குபவருக்கு விற்பனை நிலையத்தில் எடுத்துச் சொல்லவும் வேண்டும். காஞ்சீபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது சேலை நெய்யப்பட்ட இடத்துக்குச் சான்று. உழைத்தவர் நியாயமான கூலி பெற்றார் என்பதற்குச் சான்று தர வேண்டியது சங்கமே.

2030-க்குப் பின் என்ன என்பதை உலக நாடுகள் 2027 செப்டம்பர் மாதத்தில் ஆராய இருப்பதாக, 2024-இல் நிறைவேறிய எதிர்கால உடன்படிக்கை கூறுகிறது. புதிய இலக்குகள் வரலாம், தவணைகள் நீட்டிக்கப்படலாம். 1904 அக்டோபரில் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது நம் காஞ்சீபுரத்திலேதான். அன்று கடன் சுமையைப் பலர் சேர்ந்து தாங்கினர். இன்று நியாயத்தின் செலவையும் அவ்வாறே பகிர்ந்து தாங்கிக் காட்டினால், இங்கிருந்து உலகுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு செய்தி இருக்கும்.